இப்போதைக்குச் சந்தேகம் குறைவு

தேத்தண்ணிக் கோப்பை கைக்கு வந்ததும் அவர் முதலில் அதன் அடியைப் பார்ப்பார். குடிப்பது அதற்குப் பிறகுதான்.

"அடியில என்ன காக்கா இரிக்கி?" என்று கடைக்கார மாமா ஒருநாள் கேட்டார். காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன்.

"ஒண்டுமில்ல."

"மறுகா என்னத்துக்குப் பார்க்கிற?"

"ஒண்டுமில்லையெண்டு பார்க்கத்தான்."

நிந்தவூரில் பஸ் ஓடும் பெரிய றோட்டோரம், பள்ளிவாசலுக்கு எதிரே இருந்தது அந்தக் கடை. அவர் கடைக்கு முன்னால் ஆட்டோவை நிறுத்திச் சவாரி பார்ப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் ஊர் அவருடைய ஊர் அல்ல. எங்கள் கரையில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. ஆண்தான் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேர்வான். அவரும் அப்படித்தான், கொஞ்சம் பிந்திய வயதில், எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தார். அதற்கு முன் பதினொரு வருடம் சவூதியில், றியாத்தில், ஹோட்டல் வேன் ஓடினேன் என்பது அவரே சொன்னது. அவர் சொன்னதைத் தவிர அவரைப் பற்றி எங்களிடம் வேறு எதுவும் இருக்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

பெயரை எழுதவில்லை. எழுதினால், "என்ட பேர் அதுதானெண்டு உனக்கு ஆர் சென்ன?" என்று கேட்கக்கூடிய ஆள்.

எதையும் அவர் நம்பிக் கண்டதில்லை. பிஸ்கட் பக்கற்றைக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று ஒரு கிழவர் ஏறினால், "ஆருக்கு வருத்தம், உங்களுக்கா? உங்களப் பார்த்தா அப்பிடித் தெரியல்லயே" என்பார். கிழவர் பாதி வழியில் தனக்கு வருத்தம்தானா என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்து நாங்கள் அந்தக் கடையில் கூடுவோம். பாரம்கூடிய குத்துச்சண்டைக்காரர்களில் இப்போது ஆர் பெரியவன் என்பதுதான் பேச்சு. பெரிய சண்டைகளெல்லாம் றியாத்தில் நடக்கத் தொடங்கியபிறகு பிடித்த பைத்தியம் அது. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் அங்கே இருக்கிறார். சண்டை முடிந்து வியர்வை காயுமுன் வீடியோ இங்கே வந்துவிடும். சண்டைக்காரர்களின் பெயர் எங்கள் வாய்க்குள் நுழையாததால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். ஒருவன் நெட்டையன். ஒருவன் இடிக்காரன். மற்றவன் இடக்கையன், மூன்று பேரிலும் கட்டை.

போன் திருத்தும் றிஸ்வி நெட்டையன் கட்சி. மீன் வியாபாரி ஜவாத் மாமா இடிக்காரன் கட்சி.

"விழுந்தவன் எழும்பி வந்து அடிச்சான் பாரு, அவன்தான் ஆம்புள" என்பான் றிஸ்வி.

"எழும்புறதுக்கு முதல்ல விழுந்தானே, அதுக்கென்ன செல்ற?" என்பார் ஜவாத் மாமா. "எங்கட ஆள் அடிச்சா எழும்புற கதையே இல்ல. தொட்டாச் சூறை மீன் மாதிரிக் கிடப்பான்."

"உங்கட ஆள் ரெண்டு தரம் சூறை மாதிரித்தான் மாமா கிடந்த!"

இந்தச் சபையில் எனக்கும் ஒரு பதவி இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். வாப்பா வயலில் கூலி வேலை செய்தவர். தன் பெயரை எழுதத் தெரியாது. நான் பட்டம் முடித்து உத்தியோகத்துக்குக் காத்திருந்தேன். போனில் வரும் ஆங்கில வர்ணனையைக் கேட்டுத் தமிழில் சொல்வது என் பொறுப்பு. கடை முழுவதும் என் வாயைப் பார்க்கும். அது எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை.

அவர்தான் கெடுப்பார். "அந்தச் சத்தத்த மூடு தம்பி."

"கமெண்டரி இல்லாம என்னெண்டு காக்கா விளங்கிற?"

"அவங்களுக்குச் சம்பளம் குடுக்கிற ஆரு? சண்டைய விக்கிறவன். மறுகா அவன் என்னத்தச் செல்லுவான்?"

சத்தத்தை மூடிவிட்டு அவர் பார்ப்பது கையையோ முகத்தையோ அல்ல, காலை. இடக்கையால் அடிப்பவனுக்கு வலக்கால் முன்னுக்கு இருக்கும். வலக்கையால் அடிப்பவனுக்கு இடக்கால் முன்னுக்கு இருக்கும். இருவரும் நேருக்கு நேர் நிற்கும்போது அந்த இரண்டு முன்கால்களும் ஒன்றையொன்று தட்டும். எவனுடைய முன்கால் மற்றவன் காலுக்கு வெளிப்பக்கம் போய் நிற்கிறதோ, அவனுக்கு அடிக்க வழி திறந்திருக்கிறது. "கையால சும்மா காட்டலாம். கால் போற இடத்துக்குத்தான் ஆள் போவான்" என்பார். பன்னிரண்டு சுற்றையும் அப்படிக் காலால் எண்ணி, வர்ணனைக்காரன் சொன்னதற்கு மாறான முடிவைச் சொல்வார். நடுவர்களின் முடிவு சில நேரம் அவரோடு ஒத்துப்போகும். அப்போது அவருக்கு இன்னும் சந்தேகம் வரும். "சரியாச் செல்லியிரிக்கானுகள். ஏன்?"

"அப்ப ஆர்தான் பெரியவன்? ஒரு வாய்ச்சொல்லுச் செல்லுங்களன்" என்று றிஸ்வி ஒருநாள் விடாமல் பிடித்தான்.

கோப்பையின் அடியை இன்னொரு தரம் பார்த்தார். "இடக்கையனில இப்போதைக்குச் சந்தேகம் குறைவு."

அவரிடமிருந்து வரக்கூடிய ஆகப்பெரிய பாராட்டு அதுதான். அன்றைக்கே வீட்டில் போய் அவரைப்போல் இமையைச் சுருக்கிச் சொல்லிக் காட்டினேன். தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். அதன்பிறகு எங்கள் வீட்டில் கறிக்கு உப்புச் சரியாக இருந்தாலும், "இப்போதைக்குச் சந்தேகம் குறைவு" என்றுதான் சொல்லிக்கொண்டோம்.

ஏன் இடக்கையன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன கதைதான் வில்லங்கம். றியாத்தில் ஒரு சண்டைக்கு முன் மூன்று நாள் இடக்கையனின் ஆட்கள் தன் வேனில்தான் போய்வந்தார்களாம். கடைசி நாள் அவனும் ஏறினானாம். "நல்ல குளிர். ஹீட்டர் போட்டுத்தான் ஓடின. ஒரு கதை கதைக்கல்ல. ஆனா இறங்கக்குள்ள வலக்கால முன்னுக்கு வெச்சு இறங்கினான். ஒருத்தரும் பார்க்கல்லயெண்டு தெரிஞ்சும் அப்பிடித்தான் இறங்கினான். சண்டைக்கெண்டு வெச்சிரிக்கிற கால் இல்ல, அவன்ட கால்தான் அது."

"போட்டோ எடுத்தீங்களா?" ஜவாத் மாமா கேட்டார்.

"போன வாங்கி வெச்சிட்டானுகள்."

கடை சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லாவற்றுக்கும் அத்தாட்சி கேட்கும் மனிதர், தன் கதைக்கு மட்டும் அத்தாட்சி இல்லாமல் வந்திருக்கிறார் என்று பட்டது.

தங்கச்சிக்குக் கலியாணம் பேசி வந்தது அந்த நாட்களில்தான். மாப்பிள்ளை மருதமுனைப் பக்கம். றியாத்தில் கம்பனி ஒன்றில் சுப்பர்வைசர். அவர்கள் கேட்டது வீடு ஒன்றுதான். வாப்பா அவளுக்கென்று ஒன்பது வருடமாகக் கட்டிய வீடு, கூரைத்தகடு போட்டு நின்றது. அவள் கலியாணம் முடித்தால் முன்வீடு அவளுக்கு. வாப்பாவும் உம்மாவும் பின்னால் சமையல்கட்டுக் குசினிக்குப் போய்விடுவார்கள். எங்கள் ஊர் வழக்கம் அது. வருகிறவன் நல்லவனாக இல்லாவிட்டால் பெண்ணோடு வீடும் போய்விடும்.

மாப்பிள்ளை அனுப்பிய வீடியோவை வாப்பா பெருமையோடு கடைக்குக் கொண்டுவந்து காட்டினார். குளிரூட்டிய அறை. பெரிய மேசை. கதிரையில் மாப்பிள்ளை சாய்ந்து சலாம் சொல்லிச் சிரித்தார். எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். ஆட்டோக்காரர் போனை வாங்கினார். சத்தத்தை மூடினார். மூன்று தரம் பார்த்தார்.

"கதிரை இவன்டயில்ல."

வாப்பாவின் முகம் சுண்டிப்போனது. "என்ன தம்பி செல்றீங்க?"

"காலப் பாருங்க காக்கா. மேசைக்குக் கீழ போகல்ல. வெளியில, கதவுப் பக்கம் பார்த்துக் கிடக்கு. ஆரும் வந்தா எழும்பி ஓடுற கால் இது. கேட்டுப் பாருங்க."

"நல்ல காரியத்தில வந்து இப்பிடிக் கதைக்கலாமா?" என்று மட்டும்தான் வாப்பாவால் கேட்க முடிந்தது.

அன்றிரவு வாப்பா சாப்பிடவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் இதை எப்படிக் கேட்பது? கேட்டால் பேச்சு முறிந்துவிடும். கேட்காவிட்டால் நெஞ்சில் முள். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வேனில் குத்துச்சண்டைக்காரன் ஏறினான் என்று கதைவிடுகிற ஆள், என் தங்கச்சியின் வாழ்க்கையில் கை வைக்கிறாரே. அந்த வேன் கதையைப் பொய்யென்று காட்டிவிட்டால் கதிரைக் கதையும் அதோடு போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. படித்தவன் யோசிக்கிற விதமாகவே அதை நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு கடையில் எல்லோருக்கும் முன்னால் கேட்டேன். "காக்கா, நீங்க சவூதியால எப்ப வந்த?"

"நோன்புக்கு ரெண்டு கிழமைக்கு முந்தி."

"பாஸ்போட் இரிக்கா?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். எழும்பிப் போய் ஆட்டோவின் பெட்டிக்குள்ளிருந்து, பொலித்தீனில் சுற்றிய பாஸ்போட்டைக் கொண்டுவந்து தந்தார். அதை ஏன் எப்போதும் வண்டியில் வைத்திருந்தார் என்று அப்போது நான் கேட்கவில்லை.

எங்கள் நாட்டுக்குள் வந்தபோது குத்திய முத்திரை மை பரவிக் கிடந்தது; சவூதியை விட்டுக் கடைசியாக வெளியேறியபோது குத்தியதைத் தேடிப் பிடித்தேன். அரபு எண்கள், குர்ஆன் ஓதப்பள்ளியில் படித்தது உதவியது. ஹிஜ்ரி வருடம் இருந்தது. அதைப் போனில் போட்டு ஆங்கில வருடம் பார்த்தேன். மாதம் எட்டு என்றிருந்தது. இடக்கையன் றியாத்தில் அடித்த சண்டை அதே வருடம் டிசம்பரில்.

"எட்டாம் மாசம். ஓகஸ்ட்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "சண்டை டிசம்பர்ல. நாலு மாசத்துக்கு முதலே இவர் நாட்டுக்கு வந்திட்டார். ஹீட்டராம்! நோன்புக்கு முந்தி வந்தனெண்டு சென்னாரே, அதுவும் பொய். ஓகஸ்ட்ல எங்க நோன்பு?"

ஜவாத் மாமா மேசையில் தட்டிச் சிரித்தார். "சத்தத்த மூடச் சென்ன ஆள்ட சத்தம் மூடியாச்சு!"

அவர் பாஸ்போட்டைத் திரும்ப வாங்கினார். அந்த முத்திரையை வெகுநேரம் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பதை நான் அப்போதுதான் கண்டேன்.

"உனக்கு வாசிக்கத் தெரியும்தானே" என்றார், யாரையோ விசாரிப்பதுபோல. "அப்ப அப்பிடித்தான் இரிக்கும்."

பொலித்தீனில் சுற்றிக்கொண்டு போனார். பாதித் தேத்தண்ணி மேசையில் இருந்தது. மறுநாளிலிருந்து அவர் அந்தக் கடைக்கு வரவில்லை. கல்முனை பஸ் நிலையத்தடியில் ஓடுகிறார் என்று சொன்னார்கள்.

நான் வென்றுவிட்டேன். வாப்பா மறுபடி சாப்பிட்டார். மூன்று கிழமை கழித்து மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க வந்தார்கள். தட்டில் பழம், வட்டிலப்பம். உம்மா புதுச்சாரி உடுத்திருந்தாள். கலியாணப் பதிவான காவின் எழுதும் லெப்பையும் வந்திருந்தார்.

"மாப்பிள்ளை நோன்போட லீவில வாறார். வந்தவுடன, நோன்பு துவங்க முந்தியே வெச்சிருவம். ஷஃபான் பிறை பதினெட்டு" என்றார் மாப்பிள்ளையின் மாமா.

லெப்பை கொப்பியைத் திறந்து எழுதினார். எழுதும்போது வாயால் சொல்லிக்கொண்டே எழுதுவது அவர் வழக்கம். "பதினெட்டு... எட்டாம் மாசம்..."

என் கையில் பழத்தட்டு இருந்தது.

நோன்பு ஒன்பதாம் மாதம், ஷஃபான் எட்டாம் மாதம். ஓதப்பள்ளியில் விரலை மடித்து, பாட்டுப்போல் சொல்லி மனனம் செய்தவன் நான். என் உம்மாவுக்கு ஓகஸ்ட் எதுவென்று தெரியாது, ஆனால் எட்டாம் மாதம் எதுவென்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். வருடத்தை ஹிஜ்ரியிலிருந்து மாற்றிய நான், மாதத்தை மாற்றாமல் விட்டிருந்தேன். குசினிக்குள் போய்ப் போனில் சரியாகப் பார்த்தேன். அந்த முத்திரை டிசம்பருக்குப் பிறகு வந்த பெப்ரவரியில் குத்தியது. நோன்புக்கு இரண்டு கிழமைக்கு முன். சண்டை நடந்தபோது அவர் றியாத்தில்தான் இருந்திருக்கிறார். அவர் சொன்ன ஒன்றுகூடப் பொய்யில்லை.

அப்படியானால் அந்தக் கதிரை?

தங்கச்சி அடுப்படியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. கையைத் துடைத்தாள்.

"மாப்பிள்ளைட நம்பர் இரிக்கா காக்கா?"

"வாப்பாக்கிட்டக் கேட்டுட்டு..."

"வாப்பா கேட்கமாட்டார். நீங்களும் கேட்கமாட்டீங்க. தாங்க."

முன்னறையில் பெரியவர்கள் வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்க, குசினிக்குள் நின்று எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, நாள் குறித்த அன்றைக்கு, தானே மாப்பிள்ளைக்குப் போன் எடுத்தாள். சலாம் சொன்னாள். சுகம் கேட்டாள். பிறகு, "அந்த வீடியோவில நீங்க இருந்த கதிரை ஆருட?" என்றாள்.

அடுப்பில் தண்ணீர் கொதித்தது.

"மனேஜர்ட" என்றது குரல். "காக்காமார்தான் அப்பிடி எடுக்கச் சென்ன. நான் ஒபீஸ் துப்பரவு செய்யிறன். தரை துடைக்கிறன். சுப்பர்வைசரெண்டு நான் செல்லல்ல... ஆனா இல்லையெண்டும் செல்லல்ல."

"வாப்பாவும் கூலிதான்" என்றாள் தங்கச்சி. "தரை துடைக்கிறனெண்டு வந்திருந்தா வேணாமெண்டா செல்லியிருப்பம்?"

அவள் போனை வைத்ததும் நான், "என்ன செய்ய? முன்னுக்குப் போய்ச் செல்லவா?" என்றேன்.

"கேட்ட உடன செல்லிட்டாரே" என்றாள். கழுவிய கோப்பை ஒன்றைத் தூக்கி அடியைப் பார்த்தாள். "இப்போதைக்குச் சந்தேகம் குறைவு. நாள் இரிக்கட்டும்."

விஷயத்தை வாப்பாவிடம் அவளே சொன்னாள். வாப்பா ஒரு பொழுது முழுதும் வயல் வரம்பில் இருந்துவிட்டு வந்து, சரி என்றார். குறித்த நாளில் நிக்காஹ் நடந்தது. மச்சான் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார், திரும்பிப் போகவில்லை. நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கதிரையில் உட்காரும்போது அவருடைய கால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நான் இன்னும் கவனித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

நாள் குறித்ததற்கு அடுத்த நாள் நான் முதலில் கடைக்குப் போனேன். றிஸ்விக்கும் ஜவாத் மாமாவுக்கும் முன்னால், எட்டாம் மாதத்தை நான் பிழையாக வாசித்ததைச் சொன்னேன்.

"அப்ப இடக்கையன் உண்மையாவே ஏறினானா?" என்றார் ஜவாத் மாமா. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. மெல்ல, "படிச்ச புள்ளயெண்டு நாங்களும் சிரிச்சிட்டம்" என்றார்.

பிறகு கல்முனைக்குப் பஸ் எடுத்தேன். அவர் பஸ் நிலையத்தடியில் ஆட்டோவுக்குள் காலை மடித்துக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும், "சவாரியா?" என்றார்.

"ஓம். நிந்தவூருக்கு."

"பஸ் இரிக்கே."

"உங்களோட கதைக்கணும் காக்கா."

வண்டி ஓடத் தொடங்கியது. பின்னால் இருந்து, இரைச்சலுக்கு மேலால் சத்தம்போட்டு, எல்லாம் சொன்னேன். எட்டாம் மாதம் ஷஃபான். பிழை என்னுடையது. கடையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். கதிரையும் நீங்கள் சொன்னதுபோலத்தான். என்னை மன்னிக்கவேணும்.

வண்டி காரைதீவைத் தாண்டியது. கண்ணாடியில் அவருடைய ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"அண்டைக்கு ஓகஸ்ட் எண்டாய்" என்றார். "இண்டைக்கு ஷஃபான் எண்டுறாய். எனக்கு என்னெண்டு தெரியும்?"

"லெப்பைக்கிட்டக் காட்டுங்க. ஆருக்கிட்டயும் காட்டுங்க."

"காட்டுறதுக்கு இல்ல தம்பி." பின்னால் வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டார். "நீ சென்னதுக்குப் பொறகு நான் யோசிச்சன். படிச்ச புள்ள செல்லுது, எனக்கு வாசிக்கத் தெரியா. அப்ப வேன்ல ஏறின ஆரு? தொப்பி போட்டிருந்தான், முகம் முழுசாத் தெரியல்ல. ஆக்கள் 'அவன்தான்' எண்டானுகள். நானும் அவனெண்டு வெச்சிக்கிட்டன். அந்தச் சண்டைக்கு எத்தின பேர் வந்திருப்பானுகள்? வலக்கால முன்னுக்கு வெச்சு இறங்குறவன் உலகத்தில அவன் மட்டுமா?"

"இல்ல காக்கா, அவன்தான். திகதி சரி, இடம் சரி, எல்லாம் சரி."

"நீ கண்டயா?"

எவரும் நம்பாத காலத்திலும் அவர் சந்தேகப்படாமல் வைத்திருந்தது இடக்கையன் வேனில் ஏறிய அந்த ஒன்றைத்தான்; பாஸ்போட்டைப் பொலித்தீனில் சுற்றி வண்டியிலேயே வைத்திருந்ததும் அதற்கு அத்தாட்சியாகத்தான் என்று விளங்கியது. அதையும் நான் எடுத்துவிட்டேன். பிழையைத் திருத்திச் சொல்லலாம். திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

சில மாதம் கழித்து அவர் மனைவியோடு பொத்துவில் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். கத்தார் என்றும் சொன்னார்கள். இரண்டையும் நான் விசாரித்துப் பார்க்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்ட அன்று எங்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்தினார். கூலி வாங்க மறுத்தார். நான் இறங்கினேன். சலாம் சொல்லத் திரும்பியபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, நான் நிலத்தில் வைத்த காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடித்து, தலையை ஒருதரம் ஆட்டிவிட்டு, வண்டியை எடுத்தார்.

எந்தக் காலை முன்னுக்கு வைத்து இறங்கினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. எத்தனை தரம் யோசித்தும் ஞாபகம் வரவில்லை.